துணி கட்டிய செடி

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் எந்தப் பறவை நல்லது, எது கெட்டது என்பது நான் பிறப்பதற்கு முன்பே முடிவாகியிருந்தது. பருந்து கெட்டது. அது மேலே வட்டம் போட்டால் பெண்கள் தகரத் தட்டைத் தட்டிக்கொண்டு வெளியே வருவார்கள், கோழிக்குஞ்சுகள் கூடைக்கடியில் போய்விடும். காகம் பாதிக் கெட்டது. அமாவாசையன்று மட்டும் அதற்குச் சோறு உண்டு, மற்ற நாட்களில் கல்தான். கொண்டைக்குருவி இரண்டிலும் சேராது. அவரைப் பந்தலில் பூவைக் கொத்தும்போது திட்டு வாங்கும், விடியற்காலையில் கத்தும்போது யாரும் திட்டமாட்டார்கள். இவை எல்லாவற்றுக்கும் மேலே, யாரும் கேள்வி கேட்காத இடத்தில் செம்போத்து இருந்தது.

காகத்தின் அளவு, கரிய உடம்பு, செங்கல் நிறச் சிறகு, இரத்தம் போலச் சிவந்த கண். பறப்பதைவிட நடப்பதுதான் அதிகம். தேயிலைக்கு அடியில் நடந்து போகும், எப்போதாவது கிளம்பி இன்னொரு புதரில் விழும். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகிற வழியில் அது வலமிருந்து இடமாகக் குறுக்கே போனால், அப்பா நின்று இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொள்வார். அம்மாவின் தம்பி, என் மாமா, லொறி ஓட்டும் லைசன்ஸ் பரீட்சைக்குப் போன அன்று காலையில் செம்போத்து குறுக்கே போனது, அவர் பாஸானார். அதற்கு முன் இரண்டு முறை பெயிலானபோது எந்தப் பறவை குறுக்கே போனது என்பதை யாரும் குறித்து வைக்கவில்லை.

தோட்டம் அக்கரப்பத்தனைக்கு மேலே இருந்தது. எங்கள் லயத்தில் வரிசையாகப் பத்துக் காம்பரா, ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை. நாலாவது எங்களுடையது. ஐந்தாவதில் அப்பாவின் தங்கை, என் அத்தை, ஒரு பூனையுடன் இருந்தார். அத்தையின் கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை. தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் வருவார். மிச்ச நாட்களில் அந்தக் காம்பராவில் அத்தை பேசுவது பூனையோடுதான். மஞ்சள் வரி போட்ட ஆண் பூனை, வாலில் பாதி இல்லை. கதவிடுக்கில் போன கதையை அத்தை ஒவ்வொரு முறையும் வேறு மாதிரிச் சொல்வார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார், ஆறு மாதக் கர்ப்பம். எனக்கும் அந்த வயிற்றுக்கும் நடுவில் ஒன்று தங்காமல் போயிருந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் அந்தப் பங்குனி மாதத்தில் வீட்டில் எல்லோரும் ஏன் ஒரு குருவிக் கூட்டைப் பற்றி அவ்வளவு பேசினார்கள் என்பது ஓரளவு புரிந்திருக்கும்.

கூடு கண்டுபிடிக்கப்பட்டதை நான் நேரில் பார்க்கவில்லை. அம்மா சொன்னதும், பின்னாளில் வேலையை மேற்பார்த்த கங்காணி சொன்னதும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. அன்று அம்மாவுக்குக் கொடுக்கப்பட்ட நிரையில், அதாவது செடி வரிசையில், கான் என்கிற வடிகால் ஓரத்திலிருந்து ஏழாவது செடி. கையை நீட்டியதும் உள்ளேயிருந்து ஒரு கொண்டைக்குருவி விருட்டென்று கிளம்பியது. கிளையை விலக்கிப் பார்த்தால் மூன்று முட்டை, வெளுத்த நிறத்தில் செம்புள்ளிகள். அம்மா கையை எடுத்துக்கொண்டு அடுத்த செடிக்குப் போனார்.

அது கங்காணியின் கண்ணில் பட்டுவிட்டது.

“ஏம்மா, அந்தச் செடிய யாருக்கு விட்டு வச்சிருக்க?”

“அதுவும் புள்ளத்தாச்சி, நானும் புள்ளத்தாச்சி. விட்டுக் குடுக்கிறேன் கங்காணி.”

“கண்டாக்கு ஐயா வந்து பாத்தா ரெண்டு பேருக்கும் சேத்துத் திட்டு விழும்.”

“மூணு பேருக்குன்னு சொல்லுங்க. உங்கள விட்டுட்டீங்களே.”

நிரையிலிருந்த பெண்கள் சிரித்தார்கள். கங்காணியும் சிரித்தாராம். தனக்கு மேலதிகாரியான கண்டாக்கு கேட்டால் தான் பார்க்கவே இல்லை என்று சொல்லிவிடுவதாக ஒப்புக்கொண்டு மேலே போய்விட்டார்.

கொழுந்து எடுப்பது எப்படி என்று தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மலை முழுக்கச் செடிகள் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். அதற்காக ஒவ்வொருவரிடமும் மட்டக்கம்பு என்ற நீளக் குச்சி இருக்கும். அதைச் செடியின் தலையில் படுக்க வைத்து, அதற்கு மேலே எட்டிப் பார்க்கும் கொழுந்தை எடுப்பார்கள். எடுத்து முடித்த மலை சீவிவிட்ட தலை போல இருக்கும். ஏழெட்டு நாளில் மறுபடியும் கொழுந்து எழும்பும், மறுபடியும் சுற்று வரும். ஒரு செடியை மட்டும் ஒரு சுற்று விட்டால் அது ஒரு சாண் எழும்பி நிற்கும். மழை பெய்திருந்தால் இன்னும் கொஞ்சம் கூட. எதிர் மலையிலிருந்து பார்த்தாலும் தெரியும்.

கூடு இருக்கும் செடியில் பழைய சேலைக் கிழிசலைக் கட்டுவது எங்கள் தோட்டத்துப் பழக்கம். பக்கத்து நிரைக்காரி தவறிக் கைவிடக் கூடாது, மருந்தடிக்கிறவர் அதன் மேல் அடிக்கக் கூடாது. குளவிக் கூடு இருந்தாலும் இதே துணிதான். அதனால் துணியைப் பார்த்தால் யாரும் கிட்டப் போகமாட்டார்கள். அம்மா தலையில் போட்டிருந்த சிவப்புத் துணியின் ஓரத்தைக் கிழித்து, உயர்ந்த கிளையில், நன்றாகத் தெரியும்படி கட்டினார்.

அடுத்த சுற்றிலும் அம்மாதான் அந்த நிரையில் போனார். முட்டை முட்டையாகவே இருந்தது. அந்த வாரக் கடைசியில் தோட்டத்து மிட்வைஃப் வந்து அம்மாவின் கால் வீக்கத்தைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். குழி விழுந்த இடம் எழும்புகிறவரை பார்த்திருந்துவிட்டு, இனி மலை ஏறக் கூடாது, படுத்தே இருக்க வேண்டும் என்று சொன்னார். அப்பா அதை என்னிடம் வேறு மாதிரிச் சொன்னார். அம்மாவுக்கு லீவு கிடைத்திருக்கிறது என்றார்.

அம்மா லீவில் கேட்ட முதல் விஷயம் கூடுதான். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியை நான் கொஞ்சம் மாற்றிக்கொண்டால் அந்த மலை வழியே வரலாம். பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும், தொடக் கூடாது, வேறு பிள்ளைகளிடம் காட்டக் கூடாது. இந்த மூன்று நிபந்தனைகளில் நான் எதையும் மீறவில்லை. இன்றுவரை அதைச் சொல்லிக்கொள்ள முடியும்.

தினமும் இரண்டு மணிக்குக் கானைத் தாண்டி நிரைக்குள் இறங்குவேன். துணி தூரத்திலிருந்தே தெரியும். தேட வேண்டிய வேலையே இல்லை. கிளையை இரண்டு கையாலும் விலக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பேன். தாயும் தகப்பனும் பக்கத்துச் செடிகளில் தாவித் தாவிக் கத்தும். பார்த்து முடித்ததும் வீட்டுக்கு ஓடுவேன். கதவில் நுழையும் முன்பே அம்மாவின் குரல் வரும்.

“மூணும் இருக்கா?”

“மூணும் இருக்கும்மா.”

அதற்குப் பிறகுதான் சோறு. முட்டை பொரிந்த அன்று நான் கொண்டுபோன செய்தி லயம் முழுவதும் பரவியது. மூன்றும் பொரிந்தன, ஒன்றுகூடக் கூழ்முட்டையாகவில்லை. அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அழுகிறாரோ என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தேன், சிரித்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு செய்தியில் விவரம் கூடியது. கண் திறக்கவில்லை. வாய் உள்ளே சிவப்பு. கிளை அசைந்தால் தாய் வந்துவிட்டது என்று நினைத்து மூன்று வாயும் திறக்கின்றன. ஒன்று மற்ற இரண்டையும்விடப் பெரியது. அம்மா படுத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்பார், நடுவில் கேள்வியும் கேட்பார். பதினைந்து வருடம் கொழுந்து எடுத்தவர். எத்தனையோ கூடுகளைப் பார்த்திருப்பார். எத்தனாம் நாளில் கண் திறக்கும், எத்தனாம் நாளில் கூட்டின் விளிம்பில் ஏறி உட்காரும் என்பதெல்லாம் எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும்.

செம்போத்தை அங்கே நான் முதலில் பார்த்தது குஞ்சு பொரிந்த மறுநாள். நிரைக்கு மேலே ஒரு சவுக்கு மரம் நின்றது. அதன் தாழ்ந்த கிளையில் உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்துப் பறக்கவில்லை. நான் கிளையை விலக்கியபோது தலையைச் சாய்த்தது. மறுநாளும் இருந்தது. அதற்கடுத்த நாள் மரத்திலிருந்து இறங்கி, மூன்று செடி தள்ளி நின்றது.

வீட்டில் இதைச் சொன்னபோது கிடைத்த வரவேற்பு, குஞ்சு பொரிந்த செய்திக்குக் கிடைத்ததைவிடப் பெரியது. அம்மா எழுந்து உட்கார்ந்தார். அத்தை அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“காவலுக்கு வந்திருக்கு அண்ணி. இனிமே ஒன்னும் ஆகாது.”

“எந்தப் பக்கம் போச்சு பாப்பா? வலமா, இடமா?”

“போகலம்மா. நான் வர்ற வரைக்கும் அங்கயே நின்னுச்சு.”

“நிக்குதா!” என்றார் அத்தை. “குறுக்க போனாலே நல்லது. நின்னா சும்மாவா?”

அன்று இராத்திரி அப்பா சுவாமிப் படத்துக்கு முன்னால் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார்.

ஏழாம் நாள் முதுகில் முள் முளைத்திருந்தது. இறகு இல்லை, இறகு வரப்போகிற குழல்கள், நீலங்கலந்த கருப்பில் வரிசையாக. பெரிய குஞ்சுக்கு மட்டும் கண் கீற்றுப்போலத் திறந்திருந்தது. அதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். “முள்ளுதான? இன்னும் அஞ்சாறு நாள் இருக்கு” என்றார் அம்மா.

எட்டாம் நாள் கூடு காலி.

நான் கண்டதை வரிசையாகச் சொல்கிறேன். துணி கட்டின இடத்திலேயே இருந்தது. கிளை எதுவும் முறியவில்லை. கூடு சாயவில்லை, கிழியவில்லை, உள்ளே போட்டிருந்த மெல்லிய வேர்கள்கூடக் கலையவில்லை. கழுவி வைத்த கிண்ணம் போல இருந்தது. இரத்தம் இல்லை. தாய்க்குருவி பக்கத்துச் செடியின் நுனியில், அலகில் பச்சைப் புழு ஒன்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தது. கத்தவில்லை. புழு அசைந்துகொண்டிருந்தது. சவுக்கு மரத்தில் செம்போத்து இருந்தது.

செம்போத்து இருந்ததால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வீட்டுக்குப் போகும் வழியில், மலைத் தண்ணீர் குழாயில் விழும் பீலியடியில் அப்பா கால் கழுவிக்கொண்டிருந்தார். சொன்னேன். அவர் மற்றக் காலையும் கழுவி முடித்தார். அப்புறம் என் உயரத்துக்குக் குனிந்தார்.

“அம்மாகிட்ட பறந்து போயிருச்சுன்னு சொல்லு.”

“முள்ளுதான்ப்பா இருந்துச்சு. எப்படிப் பறக்கும்?”

“நீ சொன்னாத்தான் நம்புவாங்க. நான் சொன்னா என் மூஞ்சியப் பாப்பாங்க.”

இது எனக்குப் பெருமையாக இருந்தது. பெரியவர்கள் செய்ய முடியாத ஒரு வேலையை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். அப்பா சொன்ன ஒரு வரி போதாது என்று பட்டது. லயத்தை அடைவதற்குள் மீதியை நானே தயார் செய்துவிட்டேன்.

“மூணும் இருக்கா?”

“பறந்துருச்சும்மா. நான் பாக்கும்போதே பறந்துச்சு.”

நான் தொடர்ந்தேன். பெரியதுதான் முதலில் கூட்டின் விளிம்புக்கு வந்தது. பிறகு நடுவிலது. கடைசிக் குஞ்சுக்குப் பயம், தாய் வந்து கூப்பிட்டுக்கொண்டு போனது. சவுக்கு மரத்துப் பக்கம் போயின. அம்மா என் முகத்தையே பார்த்தபடி முழுக்கக் கேட்டார். கேட்டு முடித்ததும் “நல்லது” என்று சொல்லி, “போய்ச் சோறு போட்டுத் தின்னு” என்றார். வெற்றி என்று நினைத்தேன். வாசலில் நின்ற அப்பாவைப் பார்த்துத் தலையாட்டினேன்.

பூனை மீதான விசாரணை அன்று சாயங்காலமே, அம்மாவுக்குக் கேட்காத தூரத்தில், விறகுக் கொட்டிலுக்குப் பின்னால் நடந்தது. அப்பா, அத்தை, மாமா மூவரும் இருந்தார்கள். மாமா அப்போது மரக்கறி லொறி ஓட்டிக்கொண்டிருந்தார். நான் விறகின் மேல் உட்கார்ந்திருந்தேன், யாரும் போகச் சொல்லவில்லை. பூனைக்கு எதிராக இரண்டு சாட்சியங்கள். கான் ஓரத்துச் சேற்றில் பூனைக் காலடி இருந்ததை அப்பா போய்ப் பார்த்து வந்திருந்தார். அன்று மத்தியானம் வைத்த சோற்றைப் பூனை தொடவில்லை.

“நேத்து நெத்திலிக் கருவாடு வச்சேன், அதையும்தான் தொடல. அதுக்கு வயிறு சரியில்லண்ணே.”

“குருவி தின்னா வயிறு சரியில்லாமத்தான் போகும்.”

“வீட்டு எலியவே நான் எழுப்பிவிட்டாத்தான் புடிக்கும். அது மலையேறிப் போய், துணி கட்டிருக்கிற செடி எதுன்னு பாத்துப் பாத்துத் தின்னுச்சாக்கும்?”

மாமா சிரித்தார். அத்தை சொன்னதில் இருந்த புத்தியை அங்கே யாரும் கவனிக்கவில்லை, அத்தை உட்பட. அப்பா சிரிக்கவில்லை. வீட்டுக்குள் பிள்ளை வரப்போகிறது, பழகின வாய் சும்மா இருக்காது என்றார். வயிற்றுப் பிள்ளையை இழுத்த பிறகு அந்த வீட்டில் யாராலும் பதில் சொல்ல முடியாது.

மறுநாள் விடிகாலையில் பூனை உரச்சாக்கில் போனது. சாக்கைப் பிடித்துக் கொடுத்தது நான். அத்தை வெளியே வரவில்லை. லொறியில் லீக்ஸ் மூட்டைகளுக்கு நடுவில் வைத்து, ஹட்டன் தாண்டி, கினிகத்தேனையில் இறக்கிவிட்டதாக மாமா திரும்பி வந்து சொன்னார்.

“மீன் கடைக்குப் பின்னால விட்டேன் மச்சான். நம்ம யாரவிடவும் அதுதான் இனிமே நல்லாச் சாப்பிடும்.”

அத்தை பத்து நாள் அப்பாவோடு பேசவில்லை. பதினோராம் நாள் அத்தையின் காம்பராவில் எலி புகுந்து விதைக்கு வைத்திருந்த உருளைக்கிழங்கைக் கடித்துப் போட்டது. அதைச் சொல்வதற்காகப் பேச வேண்டியதாயிற்று.

அம்மா பூனையைப் பற்றிக் கேட்டது மூன்றாம் நாள். மத்தியானம் அது எங்கள் அடுப்படிச் சாம்பலில் வந்து படுக்கும். படுத்திருந்தவருக்கு அந்த இடம் நேராகத் தெரியும்.

“பூனை எங்க பாப்பா?”

“மாமா கினிகத்தேனைக்குக் கொண்டு போயிட்டாங்க.”

“ஏன்?”

“சும்மா.”

அம்மா சாம்பலைப் பார்த்தார். பிறகு, “குஞ்சுங்க எந்தப் பக்கம் பறந்துச்சுன்னு சொன்ன?”

“சவுக்கு மரத்துப் பக்கம்.”

“அப்ப செம்போத்து எங்க இருந்துச்சு?”

“மரத்துலதாம்மா. எல்லா நாளும் போலத்தான். நான் செடியத் திறக்கிறப்ப பாத்துக்கிட்டே இருக்கும்.”

“எல்லா நாளுமா?”

“எல்லா நாளும்.”

அம்மா என் தலையைத் தன் பக்கம் இழுத்து, அவிழாத சடையை அவிழ்த்து, மறுபடியும் பின்னிவிட்டார். நான் எழுந்து விளையாடப் போனேன். என் கதையில் ஓட்டை இருந்தது எனக்குத் தெரியவில்லை. குஞ்சுகள் பறந்து போயிருந்தால் பூனை எதற்காகச் சாக்கில் போக வேண்டும்? ஏழாம் நாள் முள் என்று சொன்னவள் எட்டாம் நாள் சிறகு என்று எப்படிச் சொல்ல முடியும்?

ஆனி மாதம் தங்கை பிறந்தாள். குறையில்லாத குழந்தை, தேவைக்கு அதிகமாகவே அழுதாள்.

செம்போத்தைப் பற்றி நான் தெரிந்துகொண்டது வெகுகாலம் கழித்து, ஹட்டனில் வாடகைக்கு இருந்த வீட்டில். பின்பக்க வேலியில் ஒரு சின்னக் குருவி கூடு வைத்திருந்தது. ஒருநாள் காலை ஜன்னலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தபோது செம்போத்து வந்தது. அவசரமே இல்லை. வேலியின் மேல் நடந்தது, நின்றது, தலையைச் சாய்த்தது. பிறகு இலைக்குள் தலையை விட்டு ஒன்றை எடுத்து விழுங்கியது. மறுபடியும் தலையை விட்டது. இலை அசைந்ததே தவிர கிளை முறியவில்லை. அது போன பிறகு இறங்கிப் பார்த்தேன். கூடு கழுவி வைத்த கிண்ணம் போல இருந்தது. பூனை எடுத்த கூடுகளையும் அதற்குப் பிறகு பார்த்திருக்கிறேன். பூனை கிழித்து இழுத்துப் போட்டுவிட்டுப் போகும்.

செம்போத்தைக் குற்றம் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. நத்தை, ஓணான், முட்டை, இறகு முளைக்காத குஞ்சு, அது தின்பது இவற்றைத்தான். எங்கேயோ ஒரு புதருக்குள் அதற்கும் குஞ்சுகள் இருந்திருக்கும். மட்டத்துக்கு மேலே எழும்பி நின்ற கொழுந்தைப் பார்த்து வந்ததா, சிவப்புத் துணியைப் பார்த்து வந்ததா, தினமும் இரண்டு மணிக்கு வந்து கதவைத் திறந்து காட்டிய பள்ளிக்கூடப் பிள்ளையைப் பார்த்து வந்ததா என்பதை இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது. மூன்றையும் செய்து கொடுத்தது நாங்கள்தான். பூனை எதையும் செய்யவில்லை.

இதை நான் கண்டுபிடிக்க அவ்வளவு காலம் ஆனது. அம்மாவுக்கு எவ்வளவு காலம் ஆனது என்பதற்கு ஒரு தடயம் உண்டு.

புரட்டாசியில் அம்மா மறுபடியும் வேலைக்குப் போனார். தங்கை, தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் இருப்பாள். சனிக்கிழமைகளில் பத்து மணிக்கு மலைக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோவது என் வேலை. அப்படி ஒரு சனிக்கிழமை, நான் போத்தலுடன் நிரைக்குள் இறங்கியபோது, அம்மாவின் கைக்குக் கீழேயிருந்து ஒரு கொண்டைக்குருவி கிளம்பியது. அதே மலை, வேறு செடி. அம்மா கிளையை விலக்கவில்லை. குனிந்து பக்கவாட்டில் ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான். பிறகு மட்டக்கம்பை அந்தச் செடியின் மேல் படுக்க வைத்து, மற்றச் செடிகளில் எடுப்பதுபோலவே மேலே இருந்த கொழுந்தை எல்லாம் எடுத்தார். கூட்டுக்கு நேர் மேலே இருந்ததை மட்டும் இரண்டு விரலால், கிளை அசையாமல். முடித்தபோது அந்தச் செடிக்கும் பக்கத்துச் செடிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. யாரையும் கூப்பிட்டுச் சொல்லாமல் அடுத்த செடிக்கு நகர்ந்தார்.

“அம்மா, கூடு இருக்கு.”

“இருக்கட்டும். சத்தம் போடாத.”

“துணி கட்டலையா?”

“வேணாம்.”

“நான் தினமும் வந்து பாத்துச் சொல்லவா?”

அம்மா நிமிர்ந்தார். சவுக்கு மரத்துப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு, எப்போதும் இல்லாத கடுமையோடு, இந்த நிரைப் பக்கம் உன் கால் படக் கூடாது என்றார். போத்தலை வாங்கிக்கொண்டு, போ என்று கையைக் காட்டினார்.

எனக்குக் கோபம் வந்தது. வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். வயிற்றில் பிள்ளை இருந்தவரை குருவி வேண்டியிருந்தது. பிள்ளை கைக்கு வந்த பிறகு குருவி எக்கேடு கெட்டால் என்ன? கொழுந்து நிறைதான் பெரிதாகிவிட்டது. பக்கத்து நிரைக்காரி தெரியாமல் கையை விடுவாள், மருந்தடிக்கிறவர் தெரியாமல் அடிப்பார், அம்மாவுக்குக் கவலை இல்லை. அம்மாவின் மனம் கல்லாகிவிட்டது என்று முடிவு செய்தேன்.

சாயங்காலம் பெண்கள் எல்லோரும் கொழுந்து நிறுக்கப் போன பிறகு, நான் மட்டும் அந்த மலைக்குப் போனேன். எல்லாச் செடியும் ஒரே மட்டத்தில் இருந்ததால் கண்டுபிடிக்க நேரமாயிற்று. ஒவ்வொன்றாகக் கிளையை விலக்கிப் பார்த்து, கடைசியில் கூட்டைக் கண்டேன். இரண்டு முட்டை. என் இடது சடையின் ரிப்பனை அவிழ்த்தேன். கிளை எதுவும் உயரமாக இல்லை. ஒரு குச்சியை ஒடித்துச் செடியின் நடுவில் செருகி, அதன் நுனியில், தூரத்திலிருந்தே தெரியும்படி, இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினேன்.

மறுநாள் காலை சவுக்கு மரத்தில் செம்போத்து உட்கார்ந்திருந்தது. கானுக்கு இந்தப் பக்கமே நின்று, அப்பா செய்வதுபோல, இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டேன்.